பக்கத்து வீட்டு நோயாளி

— மைக்குல பிரேமாக்கா, கோயில் மைக்குல. என் பேரைச் சொல்லி, நட்சத்திரத்தைச் சொல்லி, ‘நம்ம தாமான் குடியிருப்புல இருக்கிற குணசுந்தரி அம்மாளுக்கு மார்புல புத்துநோய், எல்லாரும் வேண்டிக்குங்க’ன்னு கோயில் தலைவர் பக்கிரிசாமி சொல்றாரு. நான் அங்கதான் நிக்கிறேன், பிரசாத வரிசையில, கையில சுண்டலோட.

— மெதுவா பேசுடி குணா. வேலி ஓரமா நின்னு கத்தினா எதிர்வீட்டு ரமணி ஜன்னலைத் திறந்துடுவா.

— திறக்கட்டுமே. மார்கழி பஜனைக்கு வந்த கூலிம் ஊர்ச் சனம் மொத்தத்துக்கும் தெரிஞ்சாச்சு. இனிமே ரமணிக்குத் தெரிஞ்சா என்ன. நீங்கதானே சொன்னீங்க?

— நானா?

— ரவிக்கைக்கு அளவெடுக்கிறப்ப உங்க ஒருத்தர்கிட்டதான் வாயைத் திறந்தேன். டேப்பை நெஞ்சுல சுத்தி வச்சிக்கிட்டு, ‘என்னடி, இந்தப் பக்கம் பட்டா மூஞ்சியைச் சுளிக்கிற’ன்னு நீங்க கேட்டீங்க. ஏதோ கட்டி மாதிரி தட்டுப்படுதுக்கான்னேன். அவ்வளவுதான் சொன்னது. உங்க வாசலைத் தாண்டினப்ப கட்டி. கோயிலுக்குப் போய்ச் சேர்றப்ப புத்துநோய்.

— கேட்டுக்க, நான் ஊர் பூரா சொல்லல. சந்திராகிட்ட மட்டும் சொன்னேன். அவ ஜாக்கெட் கை பிரிக்க வந்து உக்காந்திருந்தா, சும்மா எவ்வளவு நேரம் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு இருக்கிறது. அப்புறம் ரமணிகிட்ட. எதிர்வீட்டுக்காரிகிட்ட மறைச்சா நல்லாருக்காது லா. தலைவர் சம்சாரம் மருதம்மாள் தானா வந்து கேட்டாங்க. வயசானவங்க கேட்டா பொய்யா சொல்ல முடியும்? எனக்குப் பொய் வராது, உனக்கே தெரியும்.

— மூணு பேர்கிட்ட சொன்னா மைக்கே வேணாம்க்கா.

— அதுல ஒரு கெட்டது நடந்துச்சா சொல்லு. ஹாருவான் மீன் சூப்பு, அதான் விரால் மீன், வருது. உடம்புல புண்ணு ஆறுறதுக்கு அந்த மீனைவிட மருந்து இல்லன்னு முறை வச்சிக்கிட்டு ஆக்கிக் குடுக்கிறாளுங்க. திங்கக்கிழமை சந்திரா, புதன் ரமணி. பாசார்ல ஹாருவான் மீனுக்கே பஞ்சமாப் போச்சு. அன்னிக்கு மலாய்க்கார மீன்காரன் என்கிட்ட கேக்கிறான், உங்க தாமான்ல எத்தனை பேருக்கு ஆபரேஷன்னு.

— எனக்கு ஒண்ணும் இல்லக்கா.

— ம்.

— நிஜமா. அது வெறும் நீர்க்கட்டி. தீபாவளிக்கு முன்னாடியே பினாங்குல சொல்லிட்டாங்க.

— தெரியும்.

— என்ன தெரியும்?

— போன மாசம் உன்னை என் காடியில ஏத்தி நானே ஓட்டிக்கிட்டுப் போனேனே, பினாங்குல புது மிஷின் சோதிக்கிற அந்த ஆராய்ச்சிக் கூடத்துக்கு. கையில பட்டை கட்டிவிட்டாங்க. நோய் உள்ளவங்களுக்கு மஞ்சள், நோய் இல்லாம ஒப்பிட்டுப் பார்க்கிறதுக்குன்னு வந்தவங்களுக்குப் பச்சை. உன் கையில பச்சை. எனக்கு இங்கிலீஷ் வராது, கலர் தெரியாதா?

— அன்னியிலேருந்தா தெரியும்? அப்பறம் ஏன் ரமணி சூப்போட வந்தா நீங்களும் கூட வந்து உக்காந்து, ‘பாவம், தொண்டையில எறங்க மாட்டேங்குது’ன்னு சொன்னீங்க?

— நீ வாயைத் திறக்கல. நான் ஏன் திறக்கணும்? மொதல் நாள் சந்திரா சட்டியோட வந்தப்பவே ‘எனக்கு ஒண்ணுமில்ல, எடுத்துட்டுப் போ’ன்னு சொல்லியிருக்கலாம். நீ என்ன பண்ணின? கிண்ணம் எடுத்துட்டு வந்த.

— சொல்லத்தான் நெனைச்சேன்.

— கிண்ணத்தைக் கழுவிக்கிட்டே நெனைச்சியா?

— கதவு தட்டுற சத்தம் கேட்டுச்சுக்கா. எங்க வீட்டுக்காரர் போனதுலேருந்து என் வீட்டுக் கதவைத் தட்டினது ரெண்டே பேரு, மீட்டர் பார்க்கிறவனும் தேர்தல்காரனும். ஃபேக்டரியில இருந்த வரைக்கும் வேன்காரனாவது ஹாரன் அடிப்பான். பென்ஷன் வாங்கினதுக்கு அப்புறம் அதுவும் இல்ல. மக வாசுகி ஞாயித்துக்கிழமை மெல்போர்ன்லேருந்து கூப்பிடுவா, ‘சாப்டியாம்மா’ன்னு கேப்பா. சாப்டேன்னு சொல்லுவேன். அத்தோட பேச்சு முடிஞ்சு போவும். அன்னிக்குச் சந்திரா உள்ள வந்து சோபாவுல உக்காந்து, ஃபேனைப் போடச் சொன்னா. போட்டேன். மூஞ்சியில அவ்வளவு கவலை அவளுக்கு. அதைப் பார்த்துக்கிட்டே எப்படிக்கா ஒண்ணுமில்லன்னு சொல்றது?

— நானுந்தான் பக்கத்து வீட்டுல இருக்கேன். நான் வரலியா?

— நீங்க சேதி கேக்க வருவீங்க. அது வேற.

— நல்லாத்தான் சொல்ற. ரமணி புருஷன் என்கிட்ட கேக்கிறான், ‘குணா அக்கா உடம்புல தங்கம் ஏத்தியிருக்காங்களாமே, செத்தா சாம்பலைச் சலிக்கணுமா’ன்னு.

— அதையும் நீங்கதான் சொல்லியிருப்பீங்க.

— தங்கம்னு சொன்னேன். சலிக்கிறது அவன் சொந்த யோசனை.

— அது தங்கக்கட்டி இல்லக்கா, பொடி. கண்ணால பார்க்க முடியாத பொடி. ஊசியில ஏத்தினா ரத்தத்தோட ஓடி, கெட்ட கட்டி எங்க இருக்கோ அதுக்குள்ள போய் ஒதுங்கிடும். அப்புறம் வெளியிலேருந்து ஒரு வெளிச்சம் அடிக்கிறாங்க. நம்ம கண்ணுக்கு அது தெரியாது, ஆனா தோலு, சதை எல்லாத்தையும் தாண்டி ஆழமாப் போவும். வெளிச்சம் பட்டதும் அந்தப் பொடி சூடாகி ஒரு துளி சத்தம் போடுமாம். மிஷின் அந்தச் சத்தத்தைக் கேட்டுப் படம் போடுது. மிஷின் பார்க்கிற அந்தப் புள்ளை எனக்கு ரெண்டு தடவை பொறுமையா சொல்லிக் குடுத்தா.

— எனக்கும் சொன்னா. ஆக, சுவத்துக்கு இந்தப் பக்கம் நின்னு ஒட்டுக் கேக்கிற மிஷின். நம்ம வேலைதான், கரண்டுல பண்றாங்க.

— சிரிக்க வைக்காதீங்க. நான் கோவமா இருக்கேன். நாளைக்கு நேராத் தலைவர் வீட்டுக்குப் போறேன். எனக்கு நோய் இல்ல, தப்பு நடந்துபோச்சு, மன்னிச்சிடுங்கன்னு சொல்லிட்டு வந்துடறேன். சூப்பு குடிச்சது ஒரு பாவம். சாமி முன்னாடி வேண்டுதல் வரைக்கும் போனா அது பெரிய பாவம்.

— போகாத.

— போவேன்.

— குணா, சொல்றதைக் கேளு. வைகாசி வரைக்கும் பொறு.

— வைகாசியில என்ன?

— திவாகர் கல்யாணம். செர்டாங் ஊர்ப் பொண்ணு, மோகனா, பார்த்து முடிச்சாச்சு. பரிசம் போட்டு வைகாசியில நாள் குறிக்கப் போறாங்க.

— உங்க மகன் கல்யாணத்துக்கும் எனக்கு நோய் இல்லாததுக்கும் என்னக்கா சம்பந்தம்?

— இருக்கு.

— என்ன இருக்கு? ஏன் தலையைக் குனிஞ்சிக்கிறீங்க? பிரேமாக்கா.

— பச்சைப் பட்டை உனக்கு மட்டுமா கட்டினாங்க. எனக்கும் கட்டினாங்கல்ல.

— ஆமா. வெளிய உக்காருங்கன்னா கேக்காம, ‘நானும் ஒப்பிட்டுப் பார்க்கிற ஆளா வர்றேன்’னு நீங்களா கையைத் தூக்கினீங்க.

— கதவைச் சாத்திட்டு உள்ள என்ன பண்றாங்கன்னு பார்க்கத்தான்டி போனேன். கூட வந்தவங்களை உள்ள விடமாட்டேன்னாங்க. கையைத் தூக்கினா விடுவாங்கன்னு தெரிஞ்சுது. ஊசி போட்டாங்க. வெளிச்சம் அடிச்சாங்க. உனக்கு அடிச்சப்ப அந்தப் புள்ளை பாட்டுக்கு வேலையைப் பார்த்துக்கிட்டு இருந்தா. எனக்கு அடிச்சப்ப பேச்சை நிறுத்திட்டா. ‘ஆன்ட்டி, இன்னொரு தடவை எடுத்துக்கிறேன்’னா. ஊர்ல யாரு பேச்சை எங்க நிறுத்துறாங்கன்னு பார்த்தே வாழ்ந்தவ நான். எனக்கு அப்பவே புரிஞ்சுபோச்சு.

— அக்கா.

— போன வாரம் திரும்ப வரச் சொன்னாங்க. பஸ்ஸுல போனேன். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்த்தாங்க. இன்னிக்குக் காலையில அங்கேருந்து மிஸ்ஸி, நர்ஸு, போன் பண்ணினா. அதேதான். நீ கோயில்லேருந்து கத்திக்கிட்டு வர்றதுக்குக் கொஞ்ச நேரம் முந்தி.

— எவ்வளவு பெரிசாம்?

— அரிசி மணி. நெஞ்செலும்புக்குக் கிட்ட, ஆழத்துல. கை வச்சா தெரியாதாம். சாதாரணப் படத்துல விழுந்திருக்காதாம். சின்னதா இருந்தாலும் முரட்டு வகையாம், விட்டா வேகமா ஓடும்னு டாக்டர் சொன்னாராம். இந்தத் தாமான்ல எத்தனை நெஞ்சுக்கு டேப் சுத்தியிருப்பேன். என் நெஞ்சுல இருந்தது எனக்குத் தெரியல.

— உள்ள வாங்க. வேலியைச் சுத்தி வாங்க, முதல்ல வந்து உக்காருங்க.

— அழ மாட்டேன், பயப்படாத. கேட்டுக்க. பொண்ணு வீட்டுல ஏற்கனவே அவங்க பெரியம்மா ஒருத்தரு இந்த நோயிலதான் போயிருக்காங்க. மாமியாருக்கும் இருக்குன்னு தெரிஞ்சா, பொறக்கிற புள்ளைக்கு ரெண்டு பக்கமும் வரும்னு யோசிப்பாங்க. சம்பந்தம் நின்னுபோவும். திவாகருக்குத் தெரிஞ்சா என்னை அவன் வேலை பார்க்கிற ஜோகூருக்கு இழுத்துட்டுப் போயிடுவான், கல்யாணமே வேணாம்பான். அவனுக்கு இப்பவே முடி கொட்டுது. இதை விட்டா வேற பொண்ணு கெடைக்காதுடி.

— அதுக்கு?

— வைத்தியம் பண்ணிக்கிறேன். ஆபரேஷன், அப்புறம் மருந்து ஏத்துறது, எல்லாம் பண்ணிக்கிறேன். ஆனா நீ நோயாளியாவே இரு. நான் உன்னைக் கூட்டிட்டுப் போறவளா இருந்துக்கிறேன்.

— என்ன பேச்சுக்கா இது.

— தாமானே நம்புது, மைக்குல வேற சொல்லியாச்சு. புதுசா ஒரு பொய்யும் சொல்ல வேணாம். இருக்கிற பொய்யிலேயே நான் ஏறிக்கிறேன். ஆஸ்பத்திரியில தங்கணும்னா, குணாவுக்குத் துணையாத் தங்குறேன்னு சொல்லிக்கலாம். நீயும் என்கூட வந்துடணும், அவ்வளவுதான்.

— வேண்டுதல் என் பேருல நடக்குது. நோய் உங்களுக்கு. சாமிக்கே குழம்பிப் போயிடாது?

— சாமிக்கு விலாசம் தெரியும் லா. பக்கத்து வீடுதானே.

— உங்க நோயையும் ஊருக்குச் சொல்லிட்டா என்னக்கா? எல்லாரும் தாங்குவாங்க.

— ஊர்ல ஒவ்வொருத்தி கதையையும் நான் எப்படிச் சொல்லியிருக்கேன்னு எனக்குத் தெரியும். என் கதையை இன்னொருத்தி அப்படிச் சொல்றதை நான் உயிரோட இருந்து கேக்க மாட்டேன். சொல்லு. இருப்பியா?

— சூப்பு தொடர்ந்து வருமே.

— வரட்டும். பாதி எனக்கு.

*

— வேகத்தைக் குறைக்காதடி. பினாங்குப் பாலத்து மேல மெதுவாப் போனா பின்னால இருக்கிறவன் ஹாரன் அடிப்பான்.

— எனக்கு இதுக்கு மேல வேகம் வராதுக்கா. அவர் செத்ததுக்கு அப்புறம், உங்க ஆபரேஷன் வரைக்கும் நான் ஸ்டீரிங்கைத் தொட்டதே இல்ல. லைசன்ஸ் மட்டும் வருஷா வருஷம் புதுப்பிச்சேன்.

— எதுக்குப் புதுப்பிச்ச?

— போஸ்ட் ஆபீஸ் கவுண்டர்ல அந்தப் பொண்ணு ரெண்டு வார்த்தை பேசுவா.

— சரி, நேராப் பார்த்து ஓட்டு. எனக்குக் குமட்டுது. அந்தப் பிளாஸ்டிக் பையை எங்க வச்ச?

— உங்க காலடியில. எலுமிச்சம்பழம் கைப்பையில இருக்கு, மோந்துக்குங்க. நாலாவது மருந்து ஊசி ஆயிடுச்சுல்ல, இன்னும் கொஞ்சம்தான். டாக்டர் நல்லா ஒத்துக்குதுன்னுதானே சொன்னாரு.

— அவரு சொல்லுவாரு. வாந்தி எடுக்கிறது நான்தானே. தலையில இந்தத் துணி வேற அரிக்குது.

— அதைக் கழட்டினா என்ன? மொட்டைதான் எல்லாருக்கும் தெரியுமே.

— அதுதான்டி எனக்குச் சிரிப்பா வருது. தைப்பூசத்துல நான் மொட்டை போட்டுக்கிட்டு வர்றேன், மருதம்மாள் என் கையைப் பிடிச்சிக்கிட்டு அழுவுறாங்க. ‘பக்கத்து வீட்டுக்காரிக்காக முடி குடுத்தியே பிரேமாவதி, இந்தக் காலத்துல யாரு செய்வா’ன்னு. இத்தனை வருஷம் இந்தத் தாமான்ல குடியிருக்கேன், ஒருத்தி என்னை நல்லவன்னு சொன்னதில்ல. முடி எப்படியும் கொட்டித்தான் போயிருக்கும். அதையும் சாமிக்குக் குடுத்த கணக்குல எழுதிட்டாங்க.

— நானும்தான் மொட்டை. எனக்கு எந்த நோயும் இல்லாம.

— நோயாளி தலையில முடியோட இருந்தா நல்லாருக்குமா? ஆனா உனக்கு மொட்டை பொருந்துது. உன் மண்டை அழகா இருக்குன்னு சந்திரா சொன்னா.

— வாசுகி வீடியோவுல பார்த்துட்டு அழுதுட்டா. வேண்டுதல்னு சொன்னேன். யாருக்குன்னு கேட்டா. பக்கத்து வீட்டு அக்காவுக்குன்னேன்.

— அடிப்பாவி, சொல்லிட்டியா?

— மெல்போர்ன்லேருந்து கூலிமுக்குச் சேதி வந்து சேர்றதுக்குள்ள கல்யாணம் முடிஞ்சிடும்க்கா. அவ இங்க யார்கிட்டயும் பேசுறதில்ல.

— கல்யாணத்தைப் பத்திச் சொன்னியே, போன வாரம் செர்டாங் ஆளுங்க வந்தாங்கல்ல. பொண்ணோட அப்பா சுப்பிரமணியம் எமகாதகன். வீட்டுக்குள்ள வர்றதுக்கு முந்தி எதிர்வரிசையில நடந்து விசாரிச்சிருக்காரு. ரமணி வாசல்ல நின்னு ரொம்ப நேரம் பேசினாரு. நான் ஜன்னல் ஓரமா நின்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். ரமணி என்ன உளறினாளோ.

— ஒண்ணும் உளறியிருக்க மாட்டா. அவளுக்கு என்ன தெரியும்.

— தெரியாதுதான். தெரிஞ்சா மைக்கைத் தேட மாட்டா, அவளே மைக்கு.

— உங்களுக்குத் தங்கச்சி மாதிரி வந்திருக்கா.

— பேசு, பேசு. காடி உன் கையில இருக்கு. சாயந்திரம் யாரெல்லாம் வர்றாங்க?

— சந்திரா, ரமணி. மருதம்மாள் அத்தை ஏதோ பலகாரம் சுட்டுக் கொண்டு வர்றாங்களாம். நேத்து ஹால்ல நாற்காலி பத்தல. ஸ்டோர்லேருந்து அந்தப் பழைய பெஞ்சை எடுத்துப் போட்டேன். வாசுகி போன்ல கேக்கிறா, ‘என்னம்மா, கல்யாண வீடு மாதிரி சத்தம்’னு. போனைக் கூடத்துப் பக்கம் திருப்பிக் காட்டினேன். சிரிச்சா. அவ சிரிச்சுக் கேட்டு எவ்வளவு நாளாச்சு.

— நானும் வந்து அந்த மூலை நாற்காலியில உக்காந்துக்கிறேன். வீட்டுல தனியாப் படுத்தா வாந்திதான் நெனப்பு வருது. உன் ஹால்ல உக்காந்தா எவ கதையாவது ஓடும், மறந்துடுவேன்.

— அந்த நாற்காலியை நான் வேற யாருக்கும் குடுக்கிறதில்லக்கா.

— ஏன்டி குரல் ஒரு மாதிரியாப் போவுது? அழாத, லாரி வருது.

— அழல. ஒண்ணு கேக்கணும். நீங்க தப்பா நெனைக்கக் கூடாது.

— கேளு.

— நீங்க பொழைச்சிடுவீங்க. டாக்டர் சொல்லிட்டாரு. நீங்க பொழைச்சா நானும் பொழைச்சாகணும்ல?

— ஆகணும். பின்ன என்ன, வாழ்நாள் பூரா நோயாளியாவா இருக்க முடியும்?

— அதான்க்கா எனக்குப் பயமா இருக்கு.

*

— ரமணி, ரமணி. நில்லேன். உள்ள வா, கோப்பி கலக்குறேன்.

— இல்ல குணாக்கா, அவர் லாரியோட நிக்கிறாரு. இன்னும் ரெண்டு அலமாரி ஏத்தணும். சும்மா சொல்லிட்டுப் போலாம்னு கேட் வரைக்கும் வந்தேன்.

— நீயும் போறியா?

— குருண் ஊருக்குக்கா. அவருக்கு அங்க ஃபேக்டரியில வேலை மாத்திட்டாங்க. நீங்களும் ஒரு நாள் வாங்க. சந்திரா அக்காவும் இந்த மாசக் கடைசியில மக வீட்டோட போறாங்களாம், தெரியுமா?

— தெரியாதே. யாரும் சொல்லல. இப்பல்லாம் எனக்குச் சேதி வர்றதில்ல ரமணி. சேதி கொண்டு வந்த ஆளு, கல்யாணம் முடிஞ்சதும் மகனோட ஜோகூர் போயிட்டாங்க.

— பிரேமா அக்கா நல்லா இருக்காங்கக்கா. நேத்துதான் போன் பண்ணினாங்க. தலையில முடி தோளு வரைக்கும் வந்திருச்சாம். மோகனா ரொம்ப நல்ல பொண்ணு, மாமியாரைத் தாங்குறா. அவங்க பாட்டுக்கு அங்க இருக்கிற ஃபிளாட்ல பூரா கதையையும் தெரிஞ்சி வச்சிருக்காங்க. பன்னண்டாவது மாடிக்காரி புருஷனை விட்டுட்டாளாம். எனக்கு எதுக்கு அந்தக் கதை, ஆனா கேக்க நல்லாத்தான் இருந்துச்சு.

— எனக்கும் கூப்பிடுவாங்க. முன்னெல்லாம் தினம் கூப்பிடுவாங்க. இப்ப பேரப்புள்ளை வேற வரப் போவுது, எங்க நேரம்.

— தலைவர் மகன் குகன் கல்யாணம் கட்டினானே, மிஸ்ஸி பொண்ணு, அவங்களும் அலோர் ஸ்டார் போயிட்டாங்க. மருதம்மாள் அத்தை அங்கயும் இங்கயுமா அலையிறாங்க. தாமானே காலியாவுதுக்கா. பிரேமா அக்கா வீட்டுல இப்ப யாரு இருக்கா?

— ஹைடெக் தொழில் பூங்காவுல வேலை பார்க்கிற பையனுங்க. காலையில போய் ராத்திரி வர்றானுங்க. நல்ல பையனுங்கதான், சத்தமே இருக்காது. உக்காரேன் ரமணி, ஒரு நிமிஷம். அந்தப் பெஞ்சு இன்னும் ஹால்லதான் கெடக்கு.

— லாரிக்காரன் திட்டுவான்க்கா.

— சரி, நின்னுக்கிட்டே கேளு. அடுத்த மாசம் பினாங்குல எனக்குத் திரும்பவும் பரிசோதனை. அந்த வெளிச்சம் அடிக்கிற இடத்துலதான். பழைய நோய் திரும்பியிருக்கான்னு பார்க்கணும்ல. தனியாப் போக ஒரு மாதிரி இருக்கு. குருண்லேருந்து நீ வர முடியுமான்னு கேக்கலாம்னு.

— அக்கா.

— வேலை இருந்தா வேணாம். சந்திராகிட்ட கேட்டுப் பார்க்கிறேன். அவ இருக்கிறதுக்குள்ள.

— அக்கா, இனிமே எதுக்குக்கா அதெல்லாம். கல்யாணம்தான் முடிஞ்சுபோச்சே.

— என்ன சொல்ற?

— உங்களுக்கு நோய் இல்லன்னு எங்களுக்குத் தெரியும்க்கா.

— யாரு சொன்னா? பிரேமாக்கா சொன்னாங்களா?

— அவங்க எங்க சொன்னாங்க. நேத்து போன்ல கூட ‘குணாவுக்கு எப்படி இருக்கு’ன்னுதான் கேட்டாங்க. நான் எதிர்வீடுக்கா. ஜன்னல்ல நிக்கிறதைத் தவிர எனக்கு வேற என்ன வேலை. யார் கையிலயும் காடி சாவியைக் குடுக்காத பிரேமா அக்கா இடது பக்கம் சாஞ்சு உக்காந்திருக்காங்க, நீங்க ஓட்டிட்டு வர்றீங்க. எறங்குறப்ப நீங்க அவங்களைத் தாங்கிப் பிடிக்கிறீங்க. நோயாளி யாருன்னு தெரியாதா? சூப்பு குடுத்தா நீங்க கிண்ணத்தை வழிச்சுக் குடிக்கிறீங்க. அவங்க ரெண்டு வாய் குடிச்சிட்டுப் பின்பக்கம் ஓடுறாங்க.

— எப்பத்திலேருந்து தெரியும்?

— தைப்பூசத்துக்கு முந்தியே. சந்திரா அக்காதான் முதல்ல சந்தேகப்பட்டாங்க. மருதம்மாள் அத்தை எங்களைக் கூப்பிட்டு உக்கார வச்சு, ‘மகன் கல்யாணம் முடியிற வரைக்கும் ஒருத்தி வாயைத் திறக்கக் கூடாது’ன்னு சொல்லிட்டாங்க. செர்டாங்காரர் வந்து என்கிட்ட கேட்டப்ப நான்தான் சொன்னேன், ‘பிரேமாவதி அம்மா கல்லு மாதிரி, நோயாளி பக்கத்து வீட்டு அக்காதான்’னு. எனக்கே ஆச்சரியம்க்கா. எங்க தாமான்ல ஒரு சேதி அத்தனை மாசம் வெளிய போகாம இருந்தது அது ஒண்ணுதான்.

— கோயில்ல என் பேரைச் சொல்லித்தானே வேண்டினாங்க, கடைசி வரைக்கும்.

— மைக்குல உங்க பேரு. மனசுல அவங்க பேரைச் சொல்லிக்குவாராம் தலைவர். அத்தை சொன்னாங்க.

— அப்ப தெரிஞ்சுதான் வந்தீங்களா, எல்லாரும்? எனக்கு ஒண்ணுமில்லன்னு தெரிஞ்சும் தினம் வந்தீங்களா? மழையில கூட வந்தீங்களே ரமணி. பெஞ்சு பத்தாம தரையில உக்காந்தீங்களே.

— அவங்க வீட்டுக்குப் போனா, ‘எனக்கென்ன கேடு, போங்கடி’ன்னு வெரட்டிடுவாங்களேக்கா. சாயந்திரமானா உங்க ஹால்ல, அந்த மூலை நாற்காலியிலதான் வந்து உக்காருவாங்க. அவங்களைப் பார்க்கத்தானேக்கா நாங்க உங்க வீட்டுக்கு வந்தது.